மொழிபெயர் தேயத்தில் குடியமர்தல்: பேத்தமங்களாவை முன்வைத்துப் புலம்பெயர்வுப் புனைகதை பற்றிய ஒரு மறுவாசிப்பு

தமிழ் அகமரபு பிரிவுக்குத் திணை வகுத்தது, குடியமர்தலுக்கு வகுக்கவில்லை. பாலையின் உரிப்பொருள் பிரிதலும் பிரிதல் நிமித்தமும் ஆகும். பொருள்வயின் பிரியும் தலைவன் சுரம் கடந்து செல்கிறான். தலைவி ஊரிலிருந்து ஆற்றுகிறாள், அல்லது ஆற்றாளாகிறாள். வேங்கடத்துக்கு அப்பாற்பட்ட நிலத்தைச் சங்கப் புலவர் மொழிபெயர் தேயம் என்றனர். அத்தேயத்துக்குச் செல்லும் வழியின் வெம்மையும் ஆறலை கள்வரின் கொடுமையும் நீரற்ற சுனையும் அகப்பாடல்களில் விரிவாகப் பேசப்படுகின்றன. ஆனால் சென்று சேர்ந்தவன் எங்கே தங்கினான், எம்மொழியில் விலை பேசினான், யார் சமைத்ததை உண்டான் என்பன பெரும்பாலும் பேசப்படுவதில்லை. கவிதையின் கண் வழியில் நிற்கிறது. இல்லையேல் ஊரில் நிற்கிறது. சேர்ந்த இடத்தில் அது நிற்பது அரிது.

மகளிரோடு கடல்கடந்து செல்லும் வழக்கம் இல்லை என்று பொருள்படும் நூற்பா ஒன்று தொல்காப்பிய அகத்திணையியலில் உண்டு. அதன் பொருள் பற்றி உரையாசிரியரிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், பொருள் தேடுதல் தனி ஆடவனின் செயலாகவும் இல்லிருத்தல் மகளிரின் அறமாகவும் கொள்ளப்பட்டன என்பது வெளிப்படை. உடன்போக்கில் தலைவியும் செல்கிறாள் எனலாம். ஆயினும் அப்பாடல்களிலும் கவிதை பெரிதும் செவிலியோடும் நற்றாயோடும் பின்தங்கிவிடுகிறது. இதற்கு அரிய விலக்காக அமைவது குறுந்தொகையின் 167ஆம் பாடல். மணமனை சென்று திரும்பிய செவிலி, தலைவி தன் கையால் தயிர் பிசைந்து புளிக்குழம்பு ஆக்கியதையும், கணவன் அதனை உண்டு சுவைத்ததையும், அதுகண்டு அவள் முகம் நுண்ணிதின் மகிழ்ந்ததையும் நற்றாய்க்கு உரைக்கிறாள். புதிய இடத்தில் ஒருத்தி காலூன்றினாள் என்பதற்கு அடுப்பையே சான்றாகக் காட்டும் பாடல் இது. முல்லைத்திணையின் இல்லற நலம் என்ற அளவிலேயே இதனைப் பாராட்டுவது வழக்கம். குடியமர்தல் என்ற பொருளுக்கு இஃதொரு முன்மாதிரி என்று கருதப்பட்டிருந்தால், தற்காலப் புனைகதை பற்றிய திறனாய்வும் வேறு திசையில் சென்றிருக்கக்கூடும்.

இன்றைய திறனாய்வில் 'புலம்பெயர் இலக்கியம்' என்னும் தொடர் பெரிதும் 1983க்குப் பின்னான ஈழத்தமிழர் படைப்புகளைக் குறிக்கவே வழங்குகிறது. பட்டினப்பாலையில் பல மொழி பேசும் புலம்பெயர்ந்தோர் புகாரில் கலந்து இனிது வாழ்வது சுட்டப்படுகிறது. அது வந்தவரை வரவேற்கும் நகரத்தின் பார்வை. வந்தவரின் பார்வை அன்று. ஈழத்தவர் படைப்புகளே வந்தவரின் பார்வையை வலுவாக முன்வைத்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை பற்றிய திறனாய்வு இழப்பு, நினைவு, அடையாளம் என்னும் மூன்று சொற்களுக்குள் சுழல்கிறது. இம்மூன்றும் பாலையின் சொற்களே. குடும்பத்தோடு சென்று, அங்கேயே பெற்று வளர்த்துப் புதைத்தவர்களின் வாழ்வை இச்சொற்களைக் கொண்டு அளக்க இயலாது. அத்தகையோரின் வாழ்வுக்குக் கோலார் தங்கவயல் தக்க சான்றாகும். அங்கும் குறிப்பாகப் பேத்தமங்களா நோக்கத்தக்கது.

ஆற்றின் மேல்நிலை

பேத்தமங்களா தங்கவயலிலிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் பாலாற்றங்கரையில் அமைந்த பழைய ஊர். பாணர் குலத்து விசயாதித்தன் பெயரால் விசயாதித்தமங்கலம் எனக் கல்வெட்டுகளில் வழங்கப்பட்ட ஊர் இதுவே. சுரங்கத் தொழிலாளருக்கு இவ்வூர் குடிநீரின் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சுரங்கக் குடியிருப்புகளுக்கான நீர் பேத்தமங்களா ஏரியிலிருந்தே இறைத்து அனுப்பப்பட்டது.

பாலாறு நந்திமலைப் பகுதியில் தோன்றிக் கோலார் மாவட்டத்தைக் கடந்து, ஆந்திரத்தின் குப்பம் பகுதி வழியாகத் தமிழகத்தினுள் நுழைந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என ஓடுகிறது. தங்கவயலுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரில் பெரும்பாலோர் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தினர். எனவே அவர்கள் அறியாத ஆற்றின் கரைக்கு வரவில்லை. தம் ஊர் ஆற்றின் மேல்நிலைக்கே வந்தனர். ஊரில் மணலாகக் கிடந்த ஆறு இங்கே ஏரியாகத் தேங்கிக் குழாய் வழியாக அவர்தம் தெருவுக்கு வந்தது. சென்னை மாகாணத்துக்கும் மைசூர் அரசுக்கும் இடையில் 1892இல் ஏற்பட்ட ஆற்றுநீர் உடன்படிக்கையில் பாலாறும் அடங்கும். ஒரே ஆற்றின் இரு கரையாளர்களாக அல்லாமல், ஒரே ஆற்றின் இரு அரசுக் குடிகளாக ஒரு குடும்பத்தின் கிளைகள் பிரிந்தன.

சங்க மரபின் வேங்கட எல்லையை நிலப்படத்தில் வைத்து நோக்கினால், பேத்தமங்களா வேங்கடத்துக்குத் தென்மேற்கே அமைகிறது. அஃதாவது மொழிபெயர் தேயம் வடக்கில் மட்டும் இல்லை. இரண்டு மூன்று நாள் நடைத்தொலைவில் மேற்கிலும் இருந்தது. அத்தேயம் மைசூர் சமஸ்தானம். அங்குச் சட்டம் வேறு, அலுவல் மொழி வேறு. 1876-78 ஆண்டுகளின் பெரும்பஞ்சம் வட ஆர்க்காட்டின் உழவுக்கூலிகளை உலுக்கியது. அடுத்து வந்த சில ஆண்டுகளிலேயே, 1880 முதல், ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கோலாரில் சுரங்கப் பணியைக் கையேற்றது. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை இருப்புப்பாதை கிளை பிரிந்தது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தங்கவயலின் மக்கள்தொகை 38 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

இலங்கைக்குச் சென்றவனுக்கும் தங்கவயலுக்குச் சென்றவனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கடல் கடந்தவன் நினைத்தபோது திரும்புவது எளிதன்று. தங்கவயலுக்குச் சென்றவன் அறுவடைக்கும் திருவிழாவுக்கும் சாவுக்கும் திரும்பலாம். ஆகவே தனியாகச் சென்று தனியாகத் திரும்புவது அங்கு எப்போதும் இயன்ற ஒன்று. அவ்வாறிருந்தும் மனைவி மக்களை அழைத்துச் சென்றான் என்றால் அது சூழலின் நெருக்கடியோடு ஒரு முடிவும் ஆகிறது. ஊரில் அவனுக்கு நிலமில்லை. சேரிக்கு வெளியே தெருவில்லை. பண்ணையாளின் மகன் பண்ணையாள். தங்கவயலில் மூங்கில் தட்டி அடைத்த குடிசையும், பின்னர் கம்பெனி கட்டிய லைன் வீடும் கிடைத்தன. அவ்வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீடும் போகும். எனவே தந்தையின் வேலை மகனுக்குக் கிடைப்பது ஊதியத்தைப் பற்றிய கவலை மட்டும் அன்று. அடுப்பு அதே இடத்தில் எரிவதைப் பற்றிய கவலையும் ஆகும். பூமிக்கடியில் இறங்குவோர் ஆடவராயினும், குடியமர்வைத் தாங்கியது மேலே குழாயடியில் வரிசை நின்ற வாழ்க்கையே.

நிலம் கிடைத்தவரும் லயம் கிடைத்தவரும்

இப்பின்னணியில் தமிழ்ப் புனைகதையை நோக்கலாம். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) பொருள்வயின் பிரிவின் தற்கால வடிவம். மெடானிலும் பினாங்கிலும் நடமாடும் அதன் மாந்தர் ஊரில் குடும்பத்தை விட்டுச் சென்ற ஆடவர். மதுரைத் தெருக்கள் அவர்தம் நினைவில் கனன்றுகொண்டே இருக்கின்றன. நாவலின் ஆற்றல் அந்நினைவில்தான் உள்ளது. ஆனால் அங்கு அடுப்பில்லை. கடையும் கட்டிலும் மதுவும் உண்டு. பழைய பாலைத்திணையை அறிந்த வாசகன் இந்நாவலை எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறான். தமிழ்த் திறனாய்வு இதனை விரைந்து கொண்டாடியமைக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' வேறு வகை. கணவன் சிறை சென்றபின் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்கிறாள். பொருள் தேடப் பெண் செல்வது என்ற அளவிலேயே அகமரபு தலைகீழாகிறது. மருதியின் மகள் வெள்ளைச்சியின் பருவம் வரை கதை நீள்வதால் இரண்டாம் தலைமுறையும் உள்ளே வருகிறது. எனினும் தோட்டம் அங்கு வாழுமிடமாக அல்லாமல் விழுந்த குழியாகவே நிற்கிறது. தலைப்பே அதனைச் சொல்லிவிடுகிறது. பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' (1969) என எழுதி, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' (2007) எனத் தமிழாக்கிய நாவலுக்கும் இது பொருந்தும். கருப்பனும் வள்ளியும் இணைந்தே ஆனைமலைத் தோட்டத்துக்குச் செல்கின்றனர். தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய டேனியல், முன்பணமும் கடனும் நோயும் ஒன்றையொன்று இறுக்கும் முறையை ஒரு மருத்துவரின் துல்லியத்தோடு எழுதுகிறார். கொடுமையை ஆவணப்படுத்துவதே அந்நூலின் நோக்கம். அந்நோக்கத்தில் அது வென்றது. கொடுமைக்கு நடுவிலும் மனிதர் ஒரு தெருவை ஊராக்கிக்கொள்வதை எழுதுவது அதன் நோக்கம் அன்று.

குடியமர்தலையே முதற்பொருளாகக் கொண்ட தமிழ் நாவல் எது என வினவினால், வியப்புக்குரிய வகையில், தமிழகத்துக்கு வந்தவர்களைப் பற்றிய நாவலையே சுட்ட வேண்டியுள்ளது. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) தெலுங்கு தேசத்திலிருந்து தெற்கு நோக்கி வந்த கம்மவாரின் கதை. அவர்களுக்குத் தமிழ்நாடே மொழிபெயர் தேயம். அந்நாவலில் பயணமும் உண்டு. சென்னாதேவியின் அழகும் அதனால் நேர்ந்த அச்சமும் உண்டு. எனினும் வாசகர் நெஞ்சில் நிலைப்பது காட்டைத் தீயிட்டு அழித்து, மண்ணைத் திருத்தி, ஊர் ஒன்றை எழுப்பும் பகுதியே. வந்தவர்களின் கதையை நாவலில் சொல்பவள் நூறாண்டு கடந்த பூட்டி மங்கத்தாயாரு என்பது தற்செயல் அன்று. வழியின் கதையை ஆடவன் சொல்லலாம். ஊரான கதையைச் சொல்லத் தொட்டில்களை எண்ணியவள் வேண்டும். குறுந்தொகைச் செவிலியின் இடத்தில் நிற்பவள் மங்கத்தாயாரு.

ஆனால் கோபல்ல கிராமத்தாருக்குக் காடு கிடைத்தது. திருத்திய நிலம் அவர்களுடையதாயிற்று. நிலமே அந்நாவலின் நம்பிக்கைக்கு அடித்தளம். தங்கவயலுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றவர்களுக்கு ஓரடி நிலமும் உரிமையாகவில்லை. அவர்கள் திருத்தியது கம்பெனியின் மண். இவ்வேறுபாட்டைக் கருதாமல் 'குடியேற்ற நாவல்' என்னும் ஒரே வகைமையுள் இவற்றை அடக்குவது பிழையாக முடியும். சாதியும் இங்கே குறுக்கிடுகிறது. கம்மவார் உழுகுடியாக வந்து உழுகுடியாக அமர்ந்தனர். வட ஆர்க்காட்டிலிருந்து சென்றவரில் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பழைய இடத்தில் இருந்ததைப் புதிய இடத்தில் மீண்டும் கட்டிக்கொள்வது முன்னவரின் குடியமர்வு. பழைய இடத்தில் தமக்கு விதிக்கப்பட்டதைக் கட்ட மறுப்பது பின்னவரின் குடியமர்வு. ஏக்கம் என்னும் ஒற்றைச் சொல் இவ்விரண்டாம் வகையினரை விளக்காது. சேரியை எண்ணி ஏங்குவதற்கு அவர்களுக்கு எத்தனை காரணங்கள் இருந்திருக்கும்?

மலையக இலக்கியம் இவ்விரண்டாம் வகைக்கு மிக அணுக்கமானது. சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' என்னும் தலைப்பே பொருளைச் சுட்டுகிறது. தெளிவத்தை ஜோசப் முதலியோரிடம் லயம் என்பது துன்பத்தின் குறியீடாக மட்டும் அமையாமல், மணமும் சண்டையும் பேச்சும் நிறைந்த தெருவாகவும் அமைகிறது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டதும், 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களைப் பங்கிட்டதும் எழுத்தாளரை ஒரு கட்டாயத்துக்கு உள்ளாக்கின. இம்மக்கள் இங்கே வேரூன்றியவர்கள் என்பதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தங்கவயல் தமிழருக்கு அவ்வாறு குடியுரிமை பறிபோகவில்லை. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது அவர்கள் மைசூர் மாநிலத்தின் மொழிச் சிறுபான்மையராயினர், அவ்வளவே. அதனாலேயே அவர்தம் குடியமர்வு பற்றி எழுத வேண்டிய நெருக்கடியை வெளியுலகம் உணரவில்லை போலும்.

'பூர்வம்' என்னும் சொல்

தங்கவயல் தமிழர் தம் குடியமர்வைப் பற்றி எழுதவே இல்லை எனக் கருதுவது தவறு. அவர்கள் எழுதியதைத் திறனாய்வு இலக்கியமாகக் கொள்ளவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே 'தமிழன்' எனப் பெயர் சுருங்கிய அவ்விதழுக்கும் அவர் நிறுவிய பௌத்த சங்கத்துக்கும் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும் உறுதியான கிளைகளாயின. 1914இல் பண்டிதர் மறைந்தபின் இதழ் தளர்ந்து நின்றது. 1926இல் அது மீண்டும் வெளிவந்த இடம் சென்னை அன்று, தங்கவயல். ஆசிரியர் ஜி. அப்பாத்துரையார். பண்டிதரின் நூல்களைப் பிற்காலத்துக்கு அளித்ததில் தங்கவயல் சித்தார்த்த புத்தகசாலைக்குப் பெரும்பங்கு உண்டு. சென்னையின் அறிவுலகம் பண்டிதரை ஏறத்தாழ மறந்திருந்த பல பத்தாண்டுகளில், அவரை அச்சில் வைத்துக் காத்தவர்கள் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பினர். 1990களில் ஞான. அலாய்சியஸ் செய்த ஆய்வும், 1999 முதல் வெளிவந்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளும் இக்காப்பின் மீதே எழுந்தன.

இவ்விதழ் மரபின் மையச்சொல் 'பூர்வம்'. தாழ்த்தப்பட்டோர் எனப்படுவோர் பூர்வ பௌத்தர், இந்நாட்டின் பூர்வகுடிகள், சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டோர் என்பது பண்டிதரின் கோட்பாடு. இக்கோட்பாட்டின் வரலாற்று மெய்ம்மை பற்றியே ஆய்வாளர் பெரிதும் வாதிட்டுள்ளனர். அதனை ஏற்று வாசித்தவர் யார், எங்கிருந்து வாசித்தார் என்பது அதனினும் முதன்மையான வினா. இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் மூட்டையோடு வந்திறங்கிய ஒரு மக்கள்கூட்டம், கம்பெனிக்குச் சொந்தமான வரிசை வீட்டில் அமர்ந்து, தம்மைப் பூர்வகுடி என்று வாசிக்கிறது. முரண்பாடு போலத் தோன்றும் இது முரண்பாடன்று. புதிய இடத்தில் காலூன்ற எதிர்காலம் மட்டும் போதாது. ஓர் இறந்தகாலமும் தேவை. ஊரில் விட்டுவந்த இறந்தகாலம் அவர்களுக்கு உதவாது. அது சேரியின் காலம். எனவே அதனினும் பழைய ஒன்றைத் தேர்ந்தனர். பிள்ளைக்குப் பெயரிடுதல், மணம், ஈமம் ஆகியவற்றுக்குப் பௌத்த முறையை வகுத்துக்கொண்டனர். குடும்பத்தோடு வந்தவர்களுக்கே இம்மூன்று சடங்குகளும் வேண்டியவை. தனியாக வந்தவன் இவற்றுக்காக ஊருக்குத் திரும்புவான்.

இங்கு ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். கோலார்ப் பகுதியில் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. கோலாரம்மன் கோயிலில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு உண்டு. அப்பகுதி நிகரிலிச்சோழ மண்டலம் எனப் பெயர் பெற்றிருந்தது. இச்சான்றுகளைக் காட்டித் தங்கவயல் தமிழரை மண்ணின் மைந்தர் என நிறுவ முயல்வோர் உளர். இம்முயற்சி நல்லெண்ணம் உடையதாயினும் வலுவற்றது. கல்வெட்டில் இடம்பெறுவோர் அரசரும் அதிகாரிகளும் கொடையாளரும் ஆவர். சுரங்கத்தில் இறங்கியவரின் முன்னோரை அக்கற்களில் தேடுதல் வீண். தொழிலாளர் தாமே தேர்ந்த இறந்தகாலம் சோழருடையதாக இல்லை என்பதே நோக்கத்தக்கது. பேரரசின் பெருமையை அவர்கள் விரும்பவில்லை. பேரரசுக்கு முந்திய சமத்துவம் ஒன்றை விரும்பினர்.

அவ்விருப்பம் வெறும் நூலறிவாக நிற்கவில்லை. 1930இல் தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதியும் ஏற்பாட்டை எதிர்த்துத் தங்கவயலில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. ஊதியத்தை முதன்மைப்படுத்தாத ஒரு வேலைநிறுத்தமாக வரலாற்றாய்வாளர் இதனைக் கருதுகின்றனர். வந்துபோகும் கூலியாக இருப்பவன் ரேகை வைத்துவிட்டுப் போவான். பெயரும் தெருவும் உடையவன் அதனை இழிவாகக் கொள்வான். குடியமர்தல் நிறைவுற்றது எப்போது என்ற வினாவுக்கு ஆண்டுக்கணக்கால் விடை தேடுவதை விட இவ்வேலைநிறுத்தத்தால் விடை தேடுவது பொருத்தமுடையது. 'தமிழன்' தங்கவயலில் அச்சேறிக்கொண்டிருந்த அதே காலப்பகுதியில் இது நிகழ்ந்தது என்பதும் கருதத்தக்கது.

'தங்கலான்' காட்டுவதும் விடுவதும்

2024 ஆகஸ்டு 15 அன்று வெளியான பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' திரைப்படம் இப்பொருளைப் பெருந்திரளான மக்களிடம் கொண்டு சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வட ஆர்க்காட்டின் வேப்பூரில் நிலத்தை இழந்த தங்கலான், ஆங்கிலேயன் ஒருவனோடு பொன் தேடிப் புறப்படுகிறான். முதலில் செல்வோர் சிலர். பின்னர் ஊர் திரும்பி மனைவி கங்கம்மாளையும் பிள்ளைகளையும் ஊராரையும் அழைத்துச் செல்கிறான். புலம்பெயர்வின் இவ்விரு கட்டங்களையும் பிரித்துக் காட்டியது படத்தின் சிறப்பு. ஊர்ப் பெண்களுக்கு அவன் கொணர்ந்த இரவிக்கைகளை அவர்கள் முதன்முறையாக அணிந்து மகிழும் காட்சி, குறுந்தொகைச் செவிலி கண்ட நுண்ணிய மகிழ்வுக்கு ஒப்பானது. பொருள் தேடிச் சென்றவன் கொணர்ந்த பொருள் பொன்னன்று, ஒரு துணி. அத்துணி அணிந்தவள் இனிப் பழைய தெருவில் பழைய முறையில் நடக்க இயலாது. குடும்பத்தோடு பெயர்வதற்கான காரணம் அக்காட்சியில் வசனமின்றியே விளங்கிவிடுகிறது.

ஆனால் குடும்பம் வந்து சேர்ந்தபின் படம் வேறு திசையில் செல்கிறது. பொன்னைக் காக்கும் ஆரத்தியின் மாயமும் முற்பிறவி நினைவும் மேலோங்குகின்றன. நாயகனின் முற்பிறவி அந்நிலத்தோடும் பௌத்தத்தோடும் பிணைக்கப்படுகிறது. இதனைக் குழப்பம் என்று குறைகூறிய மதிப்புரைகள் உண்டு. 'தமிழன்' இதழின் மரபை அறிந்தோர்க்கு இது குழப்பமாகத் தோன்றாது. வந்தேறியவன் பூர்வகுடியாகும் அதே வாதம் இங்குக் கதையுருக் கொள்கிறது. இரஞ்சித் தங்கவயலின் அகவரலாற்றைச் சரியாகவே இனங்கண்டுள்ளார். குறை வேறிடத்தில் உள்ளது. தங்கவயல் மக்கள் 'பூர்வம்' என்னும் சொல்லைப் பெற்றது அருள்வாக்கால் அன்று. இரவுப்பள்ளியாலும் அச்சுக்கோப்பாலும் சங்கக் கூட்டத்தாலும் ஆகும். படத்தில் அது கனவாகவும் குருதியாகவும் வருகிறது. உழைத்துப் பெற்ற அறிவு பிறப்பால் வந்த நினைவாக மாறிவிடும்போது, குடியமர்தலின் உழைப்பு மீண்டும் கண்ணுக்கு மறைகிறது. குழாயடியும் லைன் வீடும் படத்தின் காலத்துக்குப் பிந்தியவை என்று விடை கூறலாம். அவ்விடை ஏற்கத்தக்கதே. ஆயினும் தமிழ்க் கதைமரபு எப்போதும் குழாய் வருவதற்கு முன்பே கதையை முடித்துக்கொள்வதேன் என்ற வினா எஞ்சுகிறது.

கன்னடத்தில் 2018இலும் 2022இலும் வெளிவந்து நாடெங்கும் ஓடிய 'கே.ஜி.எஃப்' படங்களைப் பற்றி இங்கு விரிவாகப் பேச வேண்டியதில்லை. அவற்றில் தொழிலாளர் மொழியற்ற அடிமைக் கூட்டமாக நாயகனின் வருகைக்குக் காத்துக் கிடக்கின்றனர். இதழும் புத்தகசாலையும் நடத்திய மக்களை இவ்வாறு காண்பது வேதனைக்குரியது.

சுரங்கம் மூடிய பின்

சுரங்கங்கள் 1956இல் மாநில அரசுக்கும், 1962இல் நடுவணரசுக்கும் மாறி, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் ஆயின. 2001 பிப்ரவரி 28 அன்று அவை மூடப்பட்டன. வேலையோடு கட்டப்பட்ட வீடுகள் வேலையின்றி எஞ்சின. ஆயினும் மக்கள் பெருமளவில் வட ஆர்க்காட்டுக்குத் திரும்பவில்லை. நான்கைந்து தலைமுறை கழிந்தபின் திரும்புவதற்கு அங்கே எவர் இருக்கின்றனர்? இன்று ஆயிரக்கணக்கானோர் விடியற்காலைத் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். பகலில் பிரிவும் இரவில் இல்லமுமாக அவர்தம் வாழ்வு அமைந்துவிட்டது. இது பொருள்வயின் பிரிவு போலத் தோன்றினும் அன்று. ஊரை விடாமல் இருப்பதற்காகவே நாள்தோறும் பிரிகின்றனர். அவர்கள் விட மறுக்கும் ஊர், அவர்தம் பாட்டனாருக்கு மொழிபெயர் தேயமாக இருந்தது.

கர்நாடகத்தில் அவர்கள் தமிழர். தமிழகத்தில் அவர்கள் கர்நாடகத்தார். தங்கவயல் சட்டமன்றத் தொகுதியில் இந்தியக் குடியரசுக் கட்சியும் அ.தி.மு.க.வும் வென்ற காலங்கள் உண்டு என்பது இருபுறமும் ஒரு விந்தைச் செய்தியாகவே பேசப்படுகிறது. தமிழ் இலக்கிய வரலாறுகளிலும் அவர்களுக்கு இதே நிலைதான். அவை தமிழகம், ஈழம், மலேசியா, சிங்கப்பூர் எனப் பகுத்துச் செல்கின்றன. அப்பகுப்பில் தங்கவயல் எவ்வியலிலும் அடங்குவதில்லை. 'தமிழன்' இதழின் தங்கவயல் காலத் தொகுதிகள், சித்தார்த்த புத்தகசாலையின் வெளியீடுகள், சங்கங்களின் ஆண்டறிக்கைகள் ஆகியவற்றைத் தனிப்பட்டோரின் பேழைகளிலிருந்து திரட்டி, படியெடுத்து, பட்டியலிடும் பணி பல்கலைக்கழகத் துறைகளின் கடமை. பூட்டி மங்கத்தாயாருவைப் போன்ற முதியவர் லைன் வீடுகளில் இன்னும் உள்ளனர். முதலில் எந்தத் தட்டிக் குடிசையில் அடுப்பு மூட்டினார்கள், பேத்தமங்களா நீர் தெருவுக்கு வருமுன் எங்கிருந்து சுமந்தார்கள், இறந்தவரை எப்போது முதல் ஊருக்கு எடுத்துச் செல்லாமல் அங்கேயே புதைக்கலாயினர் என்று தம் மாமியாரிடமும் பாட்டியிடமும் கேட்டறிந்ததை அவர்களே கூற வல்லவர்.